சவுரி கூப்பிடும் ஊர்கள்

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்குக் கோபம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரும். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவனைப் பார்த்தால் வரும். ஓடுகிற வண்டியில் ஏறிவிட்டு "ஏம்பா நிறுத்தல?" என்று கேட்கிறவனைப் பார்த்தால் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக, பக்கவாதம் வந்த ஆளைச் சுற்றி நின்றுகொண்டு "காத்து அடிச்சிடுச்சு, பாவம்" என்று உச்சுக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் வரும். காத்தாவது கீத்தாவது! அவர்களைப் பிடித்து உட்கார வைத்து நான் சொல்கிற கதைதான் இது. நீங்களும் உட்காருங்கள்.

1993ஆம் வருஷம் திண்டிவனம் - விழுப்புரம் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். அந்த வண்டிக்குக் கண்டக்டராக வந்து சேர்ந்தான் சவுரிராயன். கூட்டேரிப்பட்டுக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் தோளில் தோல்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் இவன்தான். முதல் நாள் அவன் அம்மா ரோட்டோரம் வந்து நின்று, மகன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆள் ஒல்லி. குரல் மட்டும் ரெண்டு ஆளுக்கானது. திண்டிவனம் ஸ்டாண்டில் நின்று ஒரே மூச்சில் கூப்பிடுவான்: "ஜக்காம்பேட்டை கூட்டேரிப்பட்டு விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் விழுப்புரோம்! ஏறு ஏறு ஏறு!" விழுப்புரத்தில் நின்று அதையே திருப்பிப் போடுவான்: "முண்டியம்பாக்கம் விக்கிரவாண்டி கூட்டேரிப்பட்டு ஜக்காம்பேட்டை திண்டிவனோம்!" செஞ்சிக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் அந்தக் குரலுக்கு மயங்கி எங்கள் வண்டியில் ஏறி, விக்கிரவாண்டி வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். "இவன் கூப்புட்டா எமலோகத்துக்கே ஏறிடலாம் போலக்கீது" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

பதினான்கு வருஷம் அப்படி ஓடியது. வேலைக்குச் சேரும்போதே சவுரிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி ஜெயம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போவாள். ஒரே மகள், அவளையும் பிரம்மதேசத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

2007 கோடையில் ஒரு மதியம். விக்கிரவாண்டியில் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பின்னால் சவுரி டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தவன், திடீரென்று டிக்கெட் கட்டைக் கீழே போட்டான். குனிந்து எடுக்கப் பார்த்தான், வலது கை பிடிக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னவோ சொன்னான், வாயில் வடையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. கை எழுந்தது, பேச்சும் வந்தது.

"யோவ், என்னய்யா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. கை மரத்துப் போன மாரி இருந்துச்சு. இப்ப செரியாப் போச்சு. எடுங்க, டைம் ஆவுது."

டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடிப் பேசினோம். எங்கள் ஆட்களுக்குத் தெரியாத வைத்தியம் உண்டா? முன் படிக்கட்டில் நின்று எதிர்காற்றை வாங்குவதால் காது வழியாகக் காற்று புகுந்துவிட்டது என்று ஏகமனதாக முடிவானது. மருந்து என்ன? பன்னீர் சோடா. அப்புறம் காதை மூடி ஒரு துண்டு. முன் படிக்கட்டை விட்டுவிட்டுப் பின் படிக்கட்டில் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் சவுரி காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பின் படிக்கட்டில் வேர்த்து ஊற்ற நின்றான். பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லாம் பல் வலியா என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் அவன் ஸ்டாண்டுக்கு வரவில்லை. ஜெயம் போன் போட்டாள். "அண்ணே, இவரு எழுந்துக்க மாட்டேங்கறாரு. பேச மாட்டேங்கறாரு. சோத்துக்கை அப்பிடியே தொங்குதுண்ணே."

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஒரு புறாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புறா ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் தேய்த்தால் கை கால் எழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அரிவாள்மனையைத் தேடப் பாஞ்சாலி திரும்பிய நேரத்தில் புறா கையை உதறிக்கொண்டு பறந்து போய் எதிர்வீட்டு டிவி ஆன்டெனாவில் உட்கார்ந்தது.

ஜெயம் அதை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கே ஓடணும்னு தெரிஞ்சிருக்குது. நாம இன்னா இங்க நின்னுக்கினு இருக்கறோம்? தூக்குங்கண்ணே!"

விழுப்புரத்துக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கேன் எடுத்தோம். பார்த்தவர் டாக்டர் பரிமளா. சின்ன வயசு, ஆனால் பொறுமைசாலி. நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன், சலிக்காமல் பதில் சொன்னார்.

"மூளைக்குப் போற குழாய்ல ரத்தம் உறைஞ்சி கட்டியா அடைச்சிருக்கு. ரத்தம் போகாத இடம் செத்துப் போகும். இடது பக்கம் அடைச்சதால வலது கை கால் போயிருக்கு. பேச்சும் அந்தப் பக்கம்தான், அதனால அதுவும் போயிருக்கு. தூக்கத்துல எப்ப வந்துச்சுன்னே தெரியல. சில மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். முன்னாடி எப்பவாவது இந்த மாதிரி வந்து தானா சரியாச்சா?"

நான் சோடாவையும் துண்டையும் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது காத்து இல்லைங்க. அதுவும் அடைப்புதான், கொஞ்ச நேரம் அடைச்சித் தானா விலகிடுச்சி. பெருசு வரப்போகுதுன்னு வந்த எச்சரிக்கை. இன்னொரு வகையும் இருக்கு. அடைப்பு இல்லாம குழாயே வெடிச்சி மூளைக்குள்ள ரத்தம் கசியும். வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். இவருக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தர்றேன். இது அடைப்பு வந்தவங்களுக்கு. கசிவு வந்தவங்களுக்குக் குடுத்தா ரத்தம் நிக்காது. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அப்புறம், இவருக்குப் பேச்சுதான் போயிருக்கு, புரியறது போகல. இவரைப் பார்த்துப் பேசுங்க."

கட்டிலருகே உட்கார்ந்து சவுரிக்கு நான் எங்கள் பாஷையில் விளக்கினேன். "சவுரி, கேட்டுக்கோ. ரோட்டுல மரம் வுழுந்து மறிச்சிக்கிச்சி, அதான் உனக்கு. போன வருஷம் வந்துச்சே, அது ரயில்வே கேட். போட்டான், தொறந்துட்டான். மூணாவது ஒண்ணு கீது, அது பாலம் உடையறது. மரத்துக்குப் போடற கோடாலியைப் பாலத்துல போட்டா மிச்சப் பாலமும் பூடும். அந்த மாத்திரை மரத்துக்கு மட்டும்தான். புரிஞ்சிதா?" அவன் இடது கையால் என் விரலை இறுக்கிப் பிடித்தான்.

காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தான். பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு நாள் கூட்டேரிப்பட்டு ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவனின் காலை உரசிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போனது. சவுரி வாயைத் திறந்து ஒரு வசவு விட்டான் பாருங்கள், அட்சர சுத்தமாக! பக்கத்தில் பங்குச் சாமியார் நின்றுகொண்டிருந்தார். "தோத்திரம் ஆண்டவரே!" என்று ஜெயம் கையைத் தூக்கினாள். வசவுக்குத் தோத்திரம் சொன்ன ஒரே பொம்பளை உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

அந்த வாரமே என் வண்டி ஸ்டாப்பில் வந்து நின்றதும் அவன் எழுந்து நின்றான். "ஜக்காம்பேட்டை கூட்டேரிப்பட்டு விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் விழுப்புரோம்! ஏறு ஏறு ஏறு!" பழைய குரல், அப்படியே. ஜெயம் ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பேசிட்டீங்களே! என் பேரைச் சொல்லுங்க, ஜெயம்னு சொல்லுங்க!"

அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. "ஜ... ஜ... ஜக்காம்பேட்டை கூட்டேரிப்பட்டு விக்கிரவாண்டி..." விழுப்புரம் வரை போய்த்தான் நின்றான்.

ஏதோ பிடித்துக்கொண்டது, மந்திரிக்க வேண்டும் என்றாள் பாஞ்சாலி. டாக்டரம்மாதான் விளக்கினார். சொல்லிச் சொல்லிப் பழகினது, ஜெபம், பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் மூளையில் வேறு வழியாக வருமாம். யோசித்துச் சொல்கிற பேச்சுதான் வராதாம். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தவும் முடியாதாம். ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கு விளங்கவே இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற டிரிப் மட்டும்தான் அவனுக்கு வந்தது. திரும்புகிற டிரிப் வரவே இல்லை. நான் எத்தனையோ தரம் "முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்குவான்.

அந்த ஒரு டிரிப்பை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். பட்டியலைச் சொல்லிக்கொண்டே போவான், விக்கிரவாண்டி வரும்போது வயிற்றைத் தட்டினால் பசி. நாங்கள் சாப்பிடுகிற ஊர் அதுதானே. ஜக்காம்பேட்டையில் சுண்டு விரலைக் காட்டினால் கொல்லைப்பக்கம் போக வேண்டும். விழுப்புரத்தில் கையை விரித்தால், போதும், முடிந்தது என்று அர்த்தம். "இந்த ஆளுக்கு ஒரு வாய் சோறு போடணும்னாகூட நான் விழுப்புரம் வரிக்கும் போயிட்டு வரணும்ணே" என்று சிரிப்பாள் ஜெயம். சாயந்தரமானால் ஸ்டாப்புக்கு வந்து எங்கள் வண்டிக்கு ஆள் கூப்பிடுவான். முதலாளி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனங்களுக்கும் அது பழகிவிட்டது.

சிரிக்கிற ஜெயத்துக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள். "இவருக்கு ஒண்ணுன்னா நான் கீறேன். கத்திக் கூப்பாடு போட்டு ஊரையே கூட்டிடுவேன். எனக்கு ஒண்ணுன்னா இவரு யாரைண்ணே கூப்புடுவாரு? இன்னான்னு சொல்லிக் கூப்புடுவாரு?"

"உனக்கு என்ன கேடு? பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடு" என்றேன். அவனுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறவள், தன் மாத்திரையை மட்டும் நினைத்தால் போடுவாள், மறந்தால் விடுவாள். கேட்டால் எனக்கே திருப்பிக் கொடுப்பாள்: "எனக்கு இன்னா கேடு?"

2014 மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. உச்சி வெயிலில் கூட்டேரிப்பட்டு ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினேன். அப்போது எனக்குக் கண்டக்டர் அருள் என்கிற பையன். வழக்கமாகச் சாயந்தரம் வருகிற சவுரி அந்த நேரத்தில் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். செருப்புகூட இல்லை. "ஜக்காம்பேட்டை கூட்டேரிப்பட்டு விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் விழுப்புரோம்! ஏறு ஏறு!" என்று கத்தினான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னிக்கு நைனா ஜல்தியா வந்துட்டாரு" என்றான் அருள். மறுபடியும் அதே பட்டியல், இன்னும் சத்தமாக. தினமும் கேட்கிற கூச்சல்தானே, யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அருள் விசில் கொடுத்தான். நான் கியர் போட்டு நகர்த்திவிட்டேன்.

பின்னாலிருந்து மூன்றாவது தரம் கேட்டது. "...விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம்."

பழக்க தோஷத்தில் என் காது விழுப்புரத்துக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். சவுரி வண்டியோடு நொண்டிக்கொண்டே வந்து இடது கை முஷ்டியால் தகரத்தை அடித்தான். வாயை இறுக்கி மூடியிருந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வெளியே வரத் துடித்த விழுப்புரத்தைப் பல்லால் கடித்து நிறுத்தியிருந்தான். பிறகு வாயைத் திறந்து ஒரே ஊரை மட்டும் சொன்னான். "முண்டியம்பாக்கம்! முண்டியம்பாக்கம்!"

ஆறு வருஷமாக ஒரு தரம்கூட நடுவில் நிற்காத பட்டியல் அது. முண்டியம்பாக்கத்தில் என்ன இருக்கிறது? பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மிதித்தேன் பிரேக்கை. நின்றுகொண்டிருந்த ஜனமெல்லாம் முன்னால் வந்து விழுந்தது.

அவன் என் சட்டையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தான். ஓடினேன். ஜெயம் சுவரில் சாய்ந்து கிடந்தாள். இடது கையும் காலும் தொய்ந்து போயிருந்தன. வாந்தி எடுத்திருந்தாள். "தல வெடிக்குதுண்ணே" என்று குழறினாள். பாஞ்சாலி தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டு என்னிடம் புகார் சொன்னாள்.

"அக்காவுக்கும் அதே பக்கவாதம்தாண்ணே! அண்ணனுக்குக் குடுக்கற மாத்திரையையே குடுத்துடலாம்னு எடுத்தேன். இந்த ஆளு கையிலருந்து புடுங்கிக்கினு ஓடிட்டாரு! ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட வுடல!"

ஆம்புலன்சுக்குப் போன் போடலாமா என்றான் அருள். "அது வந்து சேர்றதுக்குள்ள நாம அங்க இருப்போம், புடிடா" என்றேன். கடைசி நீள சீட்டில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர்கள்கூட "நிறுத்தாதீங்க, நாங்க திரும்பி வந்துக்கறோம்" என்றார்கள். டோல்கேட்டில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, வழி விட்டார்கள். என் சர்வீஸில் அப்படி ஓட்டியது அந்த ஒரு தரம்தான்.

டாக்டர் பரிமளா அப்போது முண்டியம்பாக்கத்துக்கு வந்திருந்தார். ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் முதலில் கேட்டது, "மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

சவுரி இடது கையைத் திறந்தான். மாத்திரை அட்டை வேர்வையில் நனைந்து கசங்கிக் கிடந்தது. பிரிக்கவே இல்லை.

"நல்ல வேளை" என்றார். "இது அடைப்பு இல்ல, கசிவு. பிரஷர் ஏறி வெடிச்சிருக்கு. சின்ன கசிவுதான், நேரத்தோட வந்துட்டீங்க. அந்த மாத்திரை உள்ளே போயிருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

"பாலம்டா சவுரி!" என்றேன். அவன் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அழுகைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயம் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு அடிபட்டது மூளையின் வலது பக்கம். பேச்சு போகவில்லை, ஐயோ, முன்னைவிட அதிகமாகத்தான் வந்தது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்து போயிற்று. இடது பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டாள். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்ளோதான் போட்டியாடி, கஞ்சப் பிசினாறி!" என்று பாஞ்சாலியைத் திட்டுவாள். தன் இடது கையைப் பார்த்துவிட்டு, "இது யாரு கை? வெச்சிட்டு எங்க போனாங்க?" என்று நர்சம்மாவிடம் கேட்டாள். வார்டே சிரித்தது. பாஞ்சாலிக்கு மட்டும் கண் கலங்கியது. சவுரி தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பி வைத்தான். மிச்சச் சோறு வலது பக்கம் வந்தது. "தோ, இப்பதான் போட்டா" என்று ஜெயம் அதையும் சாப்பிட்டாள்.

நாளாக நாளாக அந்தப் பக்கமும் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. கோல் ஊன்றி நடந்தாள். அவனுக்கு வலது கை வராது, அவளுக்கு இடது கை வராது. ஒருத்தர் பேசுவார், இன்னொருத்தர் கேட்பார். "நீங்க ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்றேன். "ஆமா, அதுல வாய் முழுக்க என்னுது" என்றாள் ஜெயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் விழுப்புரத்திலிருந்து திரும்புகிற என் டிரிப்புக்காகக் காத்திருந்து முண்டியம்பாக்கத்தில் ஏறினார்கள். ஜெயத்தை முன் சீட்டில் உட்கார வைத்தோம். சவுரி உட்காரவில்லை. பழைய பழக்கத்தில் முன் படிக்கட்டுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அருள் கூப்பிட வாயெடுத்தான், நான் கண் ஜாடையில் நிறுத்தினேன்.

"முண்டியம்பாக்கம்" என்றான் சவுரி.

அடுத்தது விழுப்புரம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். வண்டி திண்டிவனம் பார்த்து நிற்கிறது, ஜனம் சிரிக்கும், சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவன் ஜெயத்தைப் பார்த்தான். நெற்றி வேர்த்தது. உதடு எங்கேயோ தேடியது.

"விக்... விக்கிரவாண்டி" என்றான்.

அருள் அவன் பக்கம் திரும்பினான்.

"கூட்டேரிப்பட்டு!"

அதோடு நிறுத்தினான். மேலே ஜக்காம்பேட்டையும் திண்டிவனமும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, அவர்கள் வீடு கூட்டேரிப்பட்டில்தானே இருக்கிறது.

"கேட்டீங்களாண்ணே?" ஜெயம் ஒற்றைக் கையால் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "என்னை ஊட்டுக்கு இட்டுக்கினு போறாருண்ணே!"

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடி முழுக்க மங்கலாக இருந்தது, துடைத்தது கண்ணாடியை இல்லை. அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு லாரிக்காரன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான். திட்ட வாயெடுத்தேன், ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்குப் பதிலாகச் சவுரி திட்டினான், ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.